விறகிலிருந்து தொடங்குங்கள்: நார்த்வுட்ஸ் வீட்டில் முதல் கோடை

அமெரிக்காவின் விஸ்கான்சின், மினசோட்டா, மிச்சிகன் மாநிலங்களின் வடபகுதியில் காடும் ஏரியுமாகக் கிடக்கும் நிலப்பரப்பை நார்த்வுட்ஸ் என்கிறார்கள். வடக்கு விஸ்கான்சினின் வைலஸ் மாவட்டத்தில் மட்டும் 1,300க்கு மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. வேலை காரணமாகவோ ஓய்வுக்காலத்தைக் கழிக்கவோ இங்கே குடிவருகிறவர்கள் பெரும்பாலும் மே மாதத்தில் வந்து இறங்குகிறார்கள். வந்ததும் ஏரியைப் பார்க்கிறார்கள். படகு என்ன விலை என்று விசாரிக்கிறார்கள். அதே நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கோடரியைத் தீட்டிக்கொண்டிருப்பார். யார் செய்தது சரி என்பது ஜனவரியில் தெரிந்துவிடும்.

கணக்கு எளிது. ஏரியில் பனிக்கட்டி உருகி முடிய ஏப்ரல் கடைசி ஆகிவிடும். செடிகளைக் கருக்கும் உறைபனி ஜூன் முதல் வாரத்திலும் எட்டிப்பார்க்கும். செப்டம்பர் நடுவில் அது மறுபடி வந்துவிடும். இடையில் கிடைப்பது ஏறக்குறைய நூறு நாள். ஜூனில் ஒன்பது மணி நெருங்கும்வரை சூரியன் மறையாது என்பதால் ஒவ்வொரு நாளும் நீளமானதுதான். ஆனால் வருடம் முழுவதற்குமான வெளிவேலை இந்த நூறு நாளில்தான் அடங்க வேண்டும். வார இறுதிக்கு மட்டும் வந்து போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை அதிகம் உதவாது. குளிர்காலத்திலும் இதே வீட்டில் இருக்கப்போகிறவர்களுக்காக, வேலைகளை எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன். ஊர் விவரங்களும் சட்ட விவரங்களும் வடக்கு விஸ்கான்சினுக்கு உரியவை.

மே, ஜூன்: முதலில் விறகு

விறகை இங்கே 'கார்டு' கணக்கில் விற்கிறார்கள். நான்கு அடி உயரம், நான்கு அடி அகலம், எட்டு அடி நீளத்துக்கு நெருக்கமாக அடுக்கினால் ஒரு கார்டு, அதாவது 128 கன அடி. யாராவது 'ஃபேஸ் கார்டு' என்று விலை சொன்னால் உஷாராகிவிடுங்கள். அதிலும் உயரம் நான்கு அடி, நீளம் எட்டு அடிதான். ஆனால் அகலம் ஒரே ஒரு துண்டின் நீளம், வழக்கமாக 16 அங்குலம். முழுக் கார்டில் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும். விலை மலிவாகத் தெரிவதன் ரகசியம் இதுதான். முழுக் கார்டா, ஃபேஸ் கார்டா, துண்டின் நீளம் என்ன, எப்போது வெட்டியது என்று நான்கையும் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

விறகை மட்டுமே நம்பிச் சூடேற்றும் நடுத்தர வீடு, சுவரும் கூரையும் நன்றாகக் குளிர் காக்குமானால், நான்கைந்து கார்டில் குளிர்காலத்தைத் தாண்டிவிடும். பழைய வீடு, ஜன்னல் இடுக்கில் காற்று வரும் என்றால் எட்டுக் கார்டும் போதாமல் போகலாம். வீட்டை விற்றவரிடமோ முன்பு குடியிருந்தவரிடமோ கேட்பதுதான் சரியான வழி. கேஸ் கொதிகலன் இருக்கும் வீட்டிலும் இரண்டு கார்டு வைத்திருப்பது நல்லது. மின்சாரம் போனால் கொதிகலனும் நின்றுவிடும், விறகு அடுப்பு நிற்காது.

மரங்களில் சர்க்கரை மேப்பிள், செவ்வோக், மஞ்சள் பிர்ச் மூன்றும் முதல் தரம். வெள்ளை பிர்ச் அடுத்த நிலை. உள்ளூர்க்காரர்கள் 'பாப்பிள்' என்று அழைக்கும் ஆஸ்பென் எங்கும் கிடைக்கும், சீக்கிரம் காயும், சீக்கிரமே எரிந்தும் போகும். ஒரு கார்டு மேப்பிள் தரும் வெப்பத்தில் முக்கால் பங்கைக்கூட அது தராது. அக்டோபரிலும் ஏப்ரலிலும் குளிர் போக்க அது போதும். பிப்ரவரி இரவில், வெளியே மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் நெருங்கும்போது, விடியும்வரை தணல் வைத்திருக்க மேப்பிளோ ஓக்கோதான் வேண்டும்.

மரத்தின் வகையைவிடப் பெரிய கேள்வி ஈரம். அன்று வெட்டிய மரத்தை 'நன்றாகக் காய்ந்தது' என்று சொல்லித் தலையில் கட்டிவிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. காய்ந்த துண்டின் முனைகளில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெடிப்புகள் ஓடியிருக்கும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஈர விறகு மொத்தென்று கேட்கும். இதில் திருப்தி இல்லையென்றால் ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. துண்டின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்ப்பதால் பயனில்லை. அங்கேயே ஒரு துண்டைப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் ஊசியைக் குத்துங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். ஈர விறகின் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். மிச்சமுள்ள புகை, புகைபோக்கியின் உட்சுவரில் கிரியோசோட் என்ற தார் போன்ற படிவமாக ஒட்டும். புகைபோக்கி தீப்பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

ஓக் காய்வதற்கு இரண்டு கோடை வேண்டும். மேப்பிளுக்கும் பிர்ச்சுக்கும், பிளந்து அடுக்கியிருந்தால், ஒரு முழுக் கோடை பெரும்பாலும் போதும். ஆகவே நீங்கள் இந்த ஜூனில் பிளந்து அடுக்கும் ஓக் இந்தக் குளிர்காலத்துக்கு இல்லை, அடுத்த வருடக் குளிர்காலத்துக்கு. முதல் வருடம் வேறு வழியில்லை: இந்தக் குளிருக்கு வேண்டியதைக் காய்ந்த விறகாகவே வாங்க வேண்டும், அதையும் ஜூனுக்குள் வாங்கிவிட வேண்டும். செப்டம்பரில் ஊரே விறகு தேடும். அப்போது காய்ந்தது கிடைக்காது, கிடைத்தாலும் சொன்னதுதான் விலை.

பிளப்பதற்குக் கூர்மையான சாதாரணக் கோடரி உதவாது. மூன்று கிலோ அளவுக்கு எடையுள்ள, ஆப்பு வடிவத் தலை கொண்ட பிளவுக் கோடரி வேண்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே உயரமுள்ள அகலமான அடிக்கட்டை ஒன்றைத் தரையில் நிலையாக நிறுத்துங்கள். பிளக்க வேண்டிய உருளையை அதன் மேல் நடுவில் வைக்காமல், உங்களுக்கு எதிர்ப்பக்க விளிம்பை ஒட்டி வையுங்கள். குறி தவறினாலும் கோடரி கட்டையில்தான் இறங்கும், காலுக்கு வராது. கால்களை அகட்டி நின்று, கண்ணை அடிபட வேண்டிய இடத்திலிருந்து எடுக்காமல் அடியுங்கள். பெரிய உருளையை நட்டநடுவில் அடித்தால் கோடரி சிக்கிக்கொண்டு நிற்கும். ஓரங்களிலிருந்து சீவிக்கொண்டே உள்ளே வர வேண்டும். முனையில் ஏற்கெனவே ஓடியிருக்கும் வெடிப்பைப் பார்த்து அதன் மேலேயே இறக்கினால் பாதி வேலையை மரமே செய்துவிடும். கணு உள்ள துண்டோடு மல்லுக்கட்டாதீர்கள். தனியே ஒதுக்கி வைத்து இரும்பு ஆப்பும் சம்மட்டியும் கொண்டு பிளக்கலாம், அல்லது அப்படியே இரவு அடுப்பில் போடலாம். கண்ணாடியும் கனத்த காலணியும் கட்டாயம். மோட்டார் ரம்பத்தைத் தொட்டே பழக்கமில்லாதவர்கள் மரம் வெட்டும் வேலையை ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள். இதைச் சிக்கனம் பார்க்கிற இடமாக நான் நினைக்கவில்லை.

வெள்ளை பிர்ச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் பட்டை தண்ணீர் புகாதது. பழங்குடி மக்கள் அதில் படகே செய்தார்கள். தண்ணீர் உள்ளே புகாத பட்டைக்குள் இருக்கும் ஈரம் வெளியேயும் போகாது. உருளையாகவே ஒரு கோடை விட்டுவைத்தால் வெளியே வெள்ளைவெளேரென்று அழகாக இருக்கும். தூக்கினால் எடையில்லாமல் இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே இற்றுப்போயிருக்கும். வெட்டிய உடனே பிளக்க வேண்டிய மரம் அது. உரிந்து விழும் பட்டையை எறிந்துவிடாதீர்கள். மழையில் நனைந்த பிறகும் தீக்குச்சி காட்டினால் பற்றும்; அடுப்பு மூட்ட அதற்கு இணை கிடையாது.

அடுக்கும் இடம் வெயிலும் காற்றும் படுகிற திறந்தவெளியாக இருக்கட்டும். வீட்டுச் சுவரில் சாய்த்து அடுக்குவது வசதிதான். எறும்பு, எலி, தீ மூன்றுக்கும் அதே வசதி. 30 அடி தள்ளி அடுக்குங்கள். தரையில் வைக்காமல் மரப் பலகைத் தட்டுகளின் மேல் அடுக்க வேண்டும். இரு முனைகளிலும் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி வைத்துத் தூண்போல எழுப்பினால் நடுவில் உள்ளது சரியாது. மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போடுங்கள். பக்கங்களையும் மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே வெந்து பூஞ்சை பிடிக்கும்.

வெளியூரிலிருந்து விறகு ஏற்றி வராதீர்கள். ஆஷ் மரத்தைத் துளைத்துக் கொல்லும் மரகத நிற வண்டு 2002ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது, 2008ல் விஸ்கான்சினுக்கு வந்துவிட்டது. அது ஊர்விட்டு ஊர் போன வழிகளில் விறகு வண்டி முக்கியமானது. மாநிலப் பூங்காக்களுக்கும் மாநிலக் காடுகளுக்கும் 10 மைலுக்கு அப்பாலிருந்து சான்று பெறாத விறகைக் கொண்டு போவதற்குத் தடை இருக்கிறது. உங்கள் முற்றத்தில் ஓக் நின்றால் ஏப்ரல் முதல் ஜூலை வரை அதன் கிளையை வெட்ட வேண்டாம். புதிய வெட்டுக்காயத்தின் மணத்துக்கு வரும் வண்டுகள் ஓக் வாடல் நோயைக் கொண்டுவந்து சேர்க்கும். செவ்வோக் சில வாரங்களில் காய்ந்து நிற்கும்.

கையோடு கையாகப் புகைபோக்கி துடைப்பவருக்கும் ஜூனிலேயே போன் செய்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது துடைக்க வேண்டும்.

உண்ணி: ஒவ்வொரு மாலையும் ஐந்து நிமிடம்

கரடியைப் பற்றித்தான் புதியவர்கள் கேட்பார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது உண்ணிக்கு. இங்கே இரண்டு வகை அடிக்கடி ஒட்டும். பெரியது, வெள்ளைக் கோடுகள் உள்ளது, மர உண்ணி. அருவருப்பாக இருக்கும், இங்கே பெரும்பாலும் கெடுதல் செய்யாது. சிறியது மான் உண்ணி. லைம் நோயைப் பரப்புவது அதுதான். அதன் இளம்பருவம் கசகசா அளவுதான் இருக்கும், மே முதல் ஜூலை வரை மிகுதியாகத் திரியும். நோய்க்குப் பெயர் கொடுத்தது கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊர். ஆனால் அதற்கு முன்பே, 1970ல், உண்ணிக் கடிக்குப் பின் வரும் அந்த வட்டத் தடிப்பை விஸ்கான்சின் மருத்துவர் ஒருவர் பதிவு செய்துவிட்டார். ஆக, இது இந்தக் காட்டுக்குப் பழைய விருந்தாளி.

உண்ணி மரத்திலிருந்து குதிப்பதில்லை. புல் நுனியிலும் புதர் ஓரத்திலும் முன்னங்காலை நீட்டிக் காத்திருந்து, உரசிச் செல்பவர் மேல் தொற்றிக்கொண்டு மேலே ஏறும். அதனால் வெளிர்நிறக் கால்சட்டை போட்டு, அதன் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது இங்கே யாருக்கும் வேடிக்கையாகத் தெரியாது. வேலைக்கென்று ஒரு ஜோடி உடையை ஒதுக்கி அதில் பெர்மெத்ரின் தெளித்து முழுதாகக் காயவைத்து உடுத்துங்கள். அது துணிக்கு உரிய மருந்து, தோலில் போடக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும்வரை அதைப் பக்கத்தில் விடாதீர்கள். பூனைக்கு அது விஷம். தோலுக்கு டீட் என்ற பூச்சிவிரட்டி கலந்த களிம்போ தெளிப்போ பயன்படுத்தலாம்.

மாலையில் வீட்டுக்குள் வந்ததும் உடையைக் கழற்றி நேராக உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் போடுங்கள். உண்ணி துவைப்பதில் பிழைத்துவிடும், உலர்சூட்டில் பிழைக்காது. பிறகு குளித்துவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டும்: முழங்கால் மடிப்பு, இடுப்பு, தொப்புள், அக்குள், காதின் பின்புறம், பிடரியில் முடி தொடங்கும் இடம். குழந்தைகளுக்குத் தலை முழுவதும் விரலால் தடவிப் பாருங்கள். நாய்க்கும்தான்.

கடித்துக்கொண்டிருந்தால் நெருப்பு, பெட்ரோலியம் ஜெல்லி, நகப்பூச்சு என்ற வைத்தியம் எதுவும் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டி, அதன் வாய்ப்பக்கத்தைப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். இடத்தைச் சோப்பால் கழுவி, தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். நோய்க்கிருமி உடலுக்குள் இறங்க உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால்தான் தினசரித் தேடலுக்கு இத்தனை மதிப்பு. வீங்கிப் பருத்த மான் உண்ணியை எடுத்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் பேசுங்கள். ஒரே வேளை மாத்திரையோடு முடிந்துவிடலாம். பிறகு ஒரு மாதம் வரை தடிப்பு, காய்ச்சல், மூட்டுவலி வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.

பறக்கும் பூச்சிகளுக்கு முறைவைத்த வருகை உண்டு. மே கடைசியில் கருப்பு ஈ வரும். ஓடும் நீரில் பிறப்பது, பகலில்தான் கடிக்கும், மயிர்க்கோட்டிலும் காதின் பின்னும் கடித்து ரத்தம் வழிய விடும். அடர்நிறச் சட்டை போட்டால் தேடி வரும். ஜூன் நடுவில் அது குறைய, கொசுவின் ஆட்சி. ஜூலையில் மான் ஈ, தலையைச் சுற்றிச் சுற்றி வந்து கடிக்கும்; தொப்பியின் பின்பக்கத்தில் ஒட்டும் பசைப்பட்டையை உள்ளூர்க் கடையில் விற்கிறார்கள், பார்க்கக் கோமாளித்தனமாக இருந்தாலும் வேலை செய்கிறது. கொசுவுக்கு நம் ஊரில் செய்வதையே செய்யுங்கள்: வாளி, பழைய டயர், தார்ப்பாய்க் குழி, கூரைக் கால்வாய் எங்கும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஜன்னல் வலைகளை மே மாதமே விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஓட்டைகளை அடைத்துவிடுங்கள்.

மச்சில் வௌவால் குடியிருப்பது தெரிந்தால் அவசரப்பட்டுத் துவாரத்தை அடைக்க வேண்டாம். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 15 வரை குட்டிகள் பறக்க முடியாத காலம். அப்போது அவற்றை வெளியேற்றுவதற்கு விஸ்கான்சினில் தடை இருக்கிறது. அதுவரை கொசு தின்கிற வாடகைதாரராக நினைத்துக்கொள்ளுங்கள்.

கிணறும் கழிவுத் தொட்டியும்

இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு நகராட்சிக் குடிநீர் இல்லை. ஆழ்துளைக் கிணறு, அதற்குள் நீர்மூழ்கி மோட்டார், வீட்டின் அடித்தளத்தில் அழுத்தத் தொட்டி என்பதுதான் அமைப்பு. நம்மூர் மொட்டைமாடித் தொட்டிபோல மேலே சேமிப்பு எதுவும் கிடையாது. மின்சாரம் போனால் அழுத்தத் தொட்டியில் மிச்சமிருக்கும் சில குடம் தண்ணீரோடு குழாய் நின்றுவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் குடிக்கப் பாத்திரங்களிலும் கழிவறைக்கு வாளிகளிலும் தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிணற்று நீரை வருடம் ஒரு முறை பாக்டீரியாவுக்குப் பரிசோதிக்கக் கொடுங்கள்; கைக்குழந்தை இருந்தால் நைட்ரேட்டும் பார்க்க வேண்டும். கிணற்று மூடி இறுகியிருக்கிறதா, மழைநீர் அதை நோக்கி ஓடாமல் விலகி ஓடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இந்தப் பகுதித் தண்ணீரில் இரும்பு அதிகம். வெள்ளைத் துணியில் ஆரஞ்சு நிறக் கறை ஏறினால் குளோரின் பிளீச் ஊற்றாதீர்கள், கறை நிரந்தரமாகிவிடும். துருக்கறைக்கென்றே விற்கும் அமிலத் தூளைப் பயன்படுத்துங்கள். மற்றபடி ஜூலை வெயிலில் கொடியில் துணி உலர்த்துவது இங்கேயும் சுகமான வேலை. பைன் மரத்தடியில் மட்டும் கொடி கட்டாதீர்கள், பிசின் சொட்டும்.

கழிவுத் தொட்டியை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதித்து, தேவையானால் காலி செய்ய வேண்டும் என்பது மாநில விதி. முந்தைய ரசீது எங்கே என்று வீட்டை வாங்கும்போதே கேளுங்கள். எண்ணெய், ஈரத்துடைப்பான், அரிசிக் கஞ்சி எதையும் குழாயில் விடாதீர்கள். தாளித்த எண்ணெய் மிச்சத்தைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடும் பழக்கம் வந்தாக வேண்டும். கோடையில் உறவினர் கூட்டம் வரும்போது எல்லாத் துணியையும் ஒரே நாளில் துவைப்பது தொட்டிக்கு ஆகாது. தொட்டியிலிருந்து நீர் மண்ணில் இறங்கும் வடிகால் பரப்பு எங்கே என்று தெரிந்துகொண்டு, அதன் மேல் விருந்தாளிகளின் கார் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குப்பை, கரடி, தீ

பல இடங்களில் வீட்டு வாசலுக்குக் குப்பை வண்டி வராது. ஊர்ப் பொதுக் குப்பை நிலையம் வாரத்தில் சில நாள், சில மணி நேரம் திறந்திருக்கும்; பிரித்துக் கட்டி நீங்களே கொண்டுபோக வேண்டும். நேரத்தைக் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டி வையுங்கள். அங்கே நிற்கும் பத்து நிமிடத்தில் யார் விறகு விற்கிறார், எந்த மெக்கானிக் நல்லவர் என்ற ஊர்ச் செய்தி எல்லாம் காதில் விழும்.

அதுவரை குப்பை பூட்டிய கேரேஜுக்குள் இருக்கட்டும். இங்குள்ள கருங்கரடி மனிதரைக் கண்டால் விலகிப் போகிற பிராணிதான். ஆனால் மூக்கு அபாரமானது. மீன் குடல், கோழி எலும்பு ஆகியவற்றைக் குப்பை நாள் வரும்வரை உறைபெட்டியில் வையுங்கள். வெளியே இறைச்சி சுடும் அடுப்பின் கம்பியைத் தேய்த்துக் கழுவுங்கள். பறவைகளுக்குத் தானியம் வைக்கும் கூண்டைக் கோடையில் இறக்கிவிடுங்கள். சூரியகாந்தி விதைக்காகக் கரடி கம்பத்தையே வளைத்துப் போடும். கரடிக்கு வேண்டுமென்றே தீனி வைப்பது சட்டவிரோதம். ஜூனில் புல்லில் தனியாகப் படுத்திருக்கும் மான்குட்டியைப் பார்த்தால் தொடாதீர்கள். தாய் அருகில்தான் மேய்கிறது.

வீட்டுக் குப்பையை எரிப்பதற்குத் தடை உண்டு. சருகும் குச்சியும் எரிக்க மாநில வனத்துறையின் இலவச அனுமதி வேண்டும். அன்றன்றைய கட்டுப்பாட்டையும் பார்த்த பிறகே பற்றவைக்க வேண்டும். இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1871 அக்டோபர் 8 அன்று விஸ்கான்சினின் பெஷ்டிகோ ஊரையும் சுற்றுப்புறத்தையும் காட்டுத்தீ விழுங்கியது. ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் அதிக உயிர்களைக் குடித்த காட்டுத்தீ அதுதான். அதே நாளில் சிகாகோவும் எரிந்ததால் உலகம் சிகாகோவை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது.

வீட்டுப் பாதையின் முகப்பில் உள்ள சிறு எண் பலகையை இங்கே 'ஃபயர் நம்பர்' என்பார்கள். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் அதைப் பார்த்துத்தான் திரும்பும். ஜூலையில் புதர் வளர்ந்து அதை மறைத்துவிடும். மாதம் ஒரு முறை வெட்டிவிடுங்கள். செல்போன் சிக்னல் எடுக்காத வீடுகளில் அந்த எண்ணைத் தரைவழித் தொலைபேசியின் பக்கத்தில் எழுதி ஒட்டுவது நல்லது.

தோட்டம்

மணல் கலந்த, புளிப்பு மிகுந்த மண். முதல் வருடம் பெரிய பாத்திகளுக்கு ஆசைப்படாமல் உயர்த்திக் கட்டிய இரண்டு மரப்பெட்டிப் பாத்திகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டாணி, உருளை, முட்டைக்கோஸ், பீட்ரூட், கொத்தமல்லி குளிருக்கு அஞ்சாதவை; மே மாதமே போடலாம். தக்காளி, பீன்ஸ், வெள்ளரிக்கு ஜூன் முதல் வாரம் தாண்டட்டும். தக்காளி நாற்று வாங்கும்போது அட்டையில் 'நாட்கள்' என்ற எண்ணைப் பாருங்கள். 70க்கு மேல் இருந்தால் பச்சையாகவே உறைபனியைச் சந்திக்கும். வானம் தெளிந்து காற்றும் அடங்கிய ஜூன் மாலையில் குளிர் இறங்குவது தெரிந்தால் பழைய படுக்கை விரிப்பால் செடிகளை மூடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையில் ஒட்டிக் கருக்கும். மானைத் தடுக்க எட்டு அடி வேலி வேண்டும். ஐந்து அடி வேலியை அது நின்ற இடத்திலிருந்தே தாண்டும்.

புடலையும் முருங்கையும் நடக்காத காரியம். மிளகாயும் கறிவேப்பிலையும் தொட்டியில் வளரும், கோடையில் வெளியே, மற்ற மாதங்களில் தெற்கு ஜன்னலோரம்.

ஆகஸ்டில் எல்லாம் ஒரே நேரத்தில் காய்த்துக் கொட்டும். அப்போது ஊரே கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து வைக்கும். வெள்ளரி ஊறலும் பழ ஜாமும் புளிப்போ சர்க்கரையோ மிகுந்தவை, கொதிநீரில் முக்கி எடுத்தால் போதும். பீன்ஸ், சோளம், இறைச்சி அப்படியல்ல. புளிப்பில்லாத உணவில் பொட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமியின் வித்துக்கள் கொதிநீரில் சாவதில்லை. 240 டிகிரி பாரன்ஹீட் அழுத்தச் சூடு வேண்டும். வீட்டிலிருக்கும் சாதாரண பிரஷர் குக்கர் இதற்குப் போதாது. சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் உள்ளே தேவையான நேரம் சூடு நிற்காது. இதற்கென்றே உள்ள பெரிய பிரஷர் கேனர் வாங்குங்கள், அல்லது பீன்ஸை உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். தக்காளிக்கு ஒவ்வொரு புட்டியிலும் பாட்டில் எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும். பாட்டி கைப்பக்குவம் செல்லாத ஒரே சமையல் இதுதான். சோதித்த குறிப்பை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுங்கள்.

காட்டில் கிடைப்பதற்கு விதைக்க வேண்டியதில்லை. ஜூன் கடைசியில் காட்டு ஸ்ட்ராபெர்ரி, ஜூலையில் ராஸ்பெர்ரி, ஜூலை பிற்பகுதியிலிருந்து மணற்பாங்கான பைன் திட்டுகளில் நீலபெர்ரி. பறிக்கப் போகுமுன், மூன்று மூன்று இலையாக, பளபளப்பாக வளரும், தொட்டால் தோலில் அரிப்பு எடுக்கும் பாய்சன் ஐவியை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். ஆகஸ்ட் கடைசியில் ஆழமில்லாத ஏரிகளில் காட்டரிசி விளையும். ஓஜிப்வே மக்கள் அதை மனோமின் என்று அழைத்துப் போற்றுகிறார்கள். படகிலிருந்து குச்சியால் தட்டி அறுவடை செய்கிறார்கள். மற்றவர்கள் பறிக்க மாநிலக் குடியிருப்பும் உரிமமும் தேவை. லாக் டு ஃப்லாம்போ போன்ற பழங்குடி நிலங்களில் சட்டமே அவர்களுடையது, கேட்காமல் இறங்காதீர்கள்.

ஏரி

இப்போது படகு விலை விசாரிக்கலாம். 1989 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மோட்டார் படகு ஓட்டப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். ஓர் ஏரியிலிருந்து படகை எடுத்ததும் ஒட்டியிருக்கும் களையை எல்லாம் பிய்த்துப் போட்டு, உள்ளே இருக்கும் தண்ணீரையும் வடித்துவிட்டுத்தான் சாலையில் ஏற வேண்டும். யூரேசிய நீர்க்களையும் வரிக்குதிரைச் சிப்பியும் பரவுவது இந்த வழியாகத்தான். தூண்டிலில் ஈயக் குண்டு வேண்டாம். லூன் பறவை அதைக் கூழாங்கல் என்று விழுங்கி ஈயநஞ்சால் சாகிறது.

ஏரி நன்றாகத் தெரிய வேண்டும் என்று கரையில் உள்ள செடிகளை மழித்துவிடும் ஆசை புதியவர்கள் எல்லோருக்கும் வரும். கரையிலிருந்து 35 அடிக்கு இயற்கைத் தாவரங்களை விட்டுவைக்க வேண்டும் என்பது விதி. நடக்கவும் பார்க்கவும் ஓர் இடைவெளி மட்டும் திறக்கலாம். புல்வெளிக்கு பாஸ்பரஸ் உரம் போடுவதும் 2010 முதல் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. என்னைக் கேட்டால் புல்வெளியே வேண்டாம். வாரம் ஒரு நாளை அது தின்னும், அந்த நாள் விறகுக்கு உரியது.

புயல்

ஜூலையின் இடிமழை சில சமயம் நேர்கோட்டுக் காற்றாக மாறி மரங்களைச் சாய்த்துவிடும். 1977 ஜூலை 4 அன்று வீசிய காற்றில் வடக்கு விஸ்கான்சினில் பல லட்சம் ஏக்கர் காடு சாய்ந்தது. வீட்டின் மேல் சாய்ந்து நிற்கும் காய்ந்த மரத்தை ஜூனிலேயே ஆள் வைத்து இறக்குங்கள். ஜெனரேட்டர் வாங்கினால் வீட்டிலிருந்து 20 அடி தள்ளி வெளியே வைத்து ஓட்ட வேண்டும். கேரேஜ் கதவைத் திறந்துவைத்தாலும் உள்ளே ஓட்டக் கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. வீட்டு மின்பலகையோடு இணைப்பதை எலெக்ட்ரிஷியனிடம் விடுங்கள். தவறான இணைப்பு கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைப் பறிக்கும்.

ஆகஸ்ட் கடைசியில்

சமையலுக்கும் கொதிகலனுக்கும் வரும் புரொப்பேன் விலை கோடையில் பொதுவாகக் குறைவு. ஆகஸ்டுக்குள் குளிர்கால ஒப்பந்தம் பேசித் தொட்டியை நிரப்பச் சொல்லுங்கள். 500 காலன் தொட்டியில் 400 காலன்தான் ஊற்றுவார்கள். ஏமாற்று இல்லை, சூட்டில் திரவம் விரிவடைய இடம் விட்டாக வேண்டும்.

சுண்டெலிகள் குடிபுகுவதும் இப்போதுதான். பென்சில் நுழையும் துவாரம் போதும் அவற்றுக்கு. குழாய், கேபிள் நுழையும் இடங்களை எல்லாம் விளக்குப் பிடித்துப் பார்த்து இரும்பு நாரைத் திணித்து அடையுங்கள். அடித்தளத்தில் ஈரப்பதம் நீக்கும் இயந்திரத்தின் வாளியைத் தினமும் ஊற்றிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் அரிசி மூட்டையில் பூஞ்சைவாசம் ஏறும். கறிவேப்பிலைத் தொட்டியை முதல் குளிரிரவுக்கு முன் உள்ளே எடுத்துவிடுங்கள். இலையின் அடியில் பூச்சி இல்லையா என்று பார்த்துக் கழுவிய பிறகு.

ஏரியில் இறக்கிய மரப் படகுத்துறையை நீர் உறைவதற்குள் கரையேற்ற வேண்டும், இல்லாவிட்டால் பனிக்கட்டி அதை முறுக்கிவிடும். அதைத் தூக்கும் ஆட்கள் ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினத்துக்கு முன்பே பெயர் கொடுத்து வையுங்கள். அக்டோபரில் அவர்கள் போனை எடுக்க மாட்டார்கள்.